மின்தடையில் கைகொடுக்கும் எஞ்சின் வெல்டிங் செட்

(உழவர் நாள் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



உழவியல் படித்தவனுக்கு வெல்டிங் எஞ்சினில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். களையையும் உரத்தையும் பற்றிப் பேச வேண்டியவன் இன்று இதைப் பேச ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது நான் மேற்படிப்பு மாணவன். டெல்டாவில் உள்ள எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, வயலில் தண்ணீர் நின்றது; வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆழ்குழாய்க் கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, மின்சாரம்தான் இல்லை.

எங்கள் ஊர்ப் பட்டறைக்கார அண்ணனிடம் எஞ்சினில் ஓடும் வெல்டிங் செட் ஒன்று இருந்தது. மின்சாரம் இல்லாத இடத்தில் கேட்டும் கிராதியும் பற்றவைக்க அவர் வாங்கியது. அதில் 230 வோல்ட் பிளக் பாயிண்டும் உண்டு. அதை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தோம். ஒரு ஒயரின் இரண்டு முனையிலும் பிளக் பொருத்தி, ஒரு முனையைச் செட்டிலும் மறுமுனையைத் திண்ணைச் சுவரில் இருந்த பிளக் பாயிண்டிலும் செருகினேன். செய்தது நான்தான். “மெயினை அணைக்கட்டுமா?” என்று அப்பா கேட்டார். “கரண்டே இல்லை, அணைத்து என்ன ஆகப் போகிறது?” என்று நான்தான் சொன்னேன்.

எஞ்சின் திணறியது. எங்கள் வீட்டு விளக்கு மங்கலாக எரிந்தது. இரண்டு வீடு தள்ளி, “கரண்ட் வந்துடுச்சு!” என்று குழந்தைகள் கத்தினார்கள். அடுத்த நொடியே தெருக்கோடிக் கம்பத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அங்கே லைன்மேன் ஒருவர் கம்பிகளைச் சேர்க்க ஏறியிருந்தார். கம்பியில் கை வைப்பதற்குச் சற்று முன்பே அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. இறங்கி வந்தவர் என்னைத் திட்டவில்லை. “மெயினை அணைச்சீங்களா தம்பி?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று அந்தக் குழந்தைகள் கத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைக்க முடியவில்லை. எனவேதான் இந்தக் கருவியைப் பற்றிப் பேச வந்தேன். இது நல்ல கருவி. ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கும். ஆனால் முறை தெரியாமல் தொட்டால் உயிரை வாங்கும்.

எந்த முனையில் எடுப்பது?

எஞ்சின் வெல்டிங் செட்டில் இரண்டு வகை வெளியீடுகள் உள்ளன. தடித்த கேபிள்கள் பூட்டும் முனைகள் வெல்டிங்குக்கு மட்டுமே உரியவை. பற்றவைக்கும்போது அங்கே 20 முதல் 30 வோல்ட் அளவில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஓடும். அதில் விளக்கையோ மோட்டாரையோ இணைக்கவே கூடாது. மற்றொன்று, பிளக் பாயிண்டாக அமைந்த துணை வெளியீடு. நமக்கு வேண்டியது இதுதான்.

துணை வெளியீடு இருந்தாலும் அது 230 வோல்ட், 50 சுழற்சி மாறுமின்சாரமா என்று பெயர்த்தகட்டில் பாருங்கள். பழைய செட்டுகள் சிலவற்றில் இந்த வெளியீடு நேர்மின்சாரமாக இருக்கும். அதில் குண்டு விளக்கும், கார்பன் பிரஷ் உள்ள கைக்கருவிகளும் வேலை செய்யும். நீரேற்றும் மோட்டாரை இணைத்தால் சுருள் எரிந்துவிடும்.

சில செட்டுகளில் வெல்டிங் செய்யாதபோது எஞ்சின் தானாகவே வேகம் குறையும் அமைப்பு உண்டு. மின்சாரம் எடுக்கும்போது எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும். வேகம் குறைந்தால் வோல்ட்டும் குறையும், சுழற்சியும் குறையும், மோட்டார் சூடேறும். மோட்டார் ஓடும் நேரத்தில் வெல்டிங்கும் செய்யாதீர்கள். இருக்கும் ஒரே சக்தியை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும்.

எவ்வளவு தாங்கும்?

“இது 400 ஆம்பியர் செட். 5 குதிரை மோட்டார் எம்மாத்திரம்?” என்று சிலர் கேட்பது உண்டு. அந்த 400 ஆம்பியர் வெல்டிங் முனையின் கணக்கு. துணை வெளியீட்டின் திறன் தகட்டில் கே.வி.ஏ. என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். 3 கே.வி.ஏ. என்றால் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர்தான் கிடைக்கும்.

ஒரு குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 7 ஆம்பியர் எடுக்கும். ஆனால் தொடங்கும் நொடியில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். ஏற்றம் ஏறும் வண்டிக்கு மாடு முதலில் மூச்சைப் பிடித்து இழுப்பது போன்றது இது. எனவே ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு 4 கே.வி.ஏ. வெளியீடு இருந்தால் நிம்மதி. மோட்டாரை முதலில் தொடங்கி, அது சீராக ஓடிய பிறகே விளக்குகளைப் போடுங்கள்.

நம் வயல்களில் உள்ள 5 குதிரைத்திறன் மோட்டார்கள் பெரும்பாலும் மும்முனை மோட்டார்கள். ஒற்றை ஃபேஸ் வெளியீடு மட்டுமே உள்ள செட்டால் இவற்றை ஓட்ட முடியாது. மும்முனை வெளியீடு உள்ள பெரிய செட்டாக இருந்தாலும், நேரடி ஸ்டார்ட்டரில் தொடங்க 15 கே.வி.ஏ. அளவாவது வேண்டியிருக்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் தொடக்க இழுப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

எதிர்த்திசையில் பாயும் மின்சாரம்

என் தவறுக்கு வருகிறேன். மெயின் சுவிட்ச் மூடியிருந்தால் நம் வீடும் தெருக் கம்பியும் ஒன்றுதான். நாம் வீட்டுக்குள் செலுத்தும் மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே பாயும். அது மின்மாற்றியை எட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். 11,000 வோல்ட்டை நம் வீட்டுக்கு ஏற்றபடி இறக்கித் தரும் அதே மின்மாற்றி, எதிர்த்திசையில் 230 வோல்ட்டை ஏறத்தாழ 10,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். இறந்துபோன கம்பி என்று நம்பித் தொடுபவரின் கதி என்ன?

இன்னொன்று: மின்சாரம் திடீரென்று திரும்பி வந்தால் அது நம் செட்டின் மீது மோதும். செட் எரியலாம், தீயும் பிடிக்கலாம். இரு முனையிலும் பிளக் உள்ள ஒயரில் ஒரு முனை கழன்று விழுந்தால், அந்த வெறும் பித்தளைக் கால்களில் மின்சாரம் இருக்கும். அப்படி ஓர் ஒயர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே ஒரு பிளக்கை வெட்டி எறியுங்கள்.

இதற்குச் சரியான வழி இரண்டு. முதலாவது, மோட்டாரையோ விளக்கையோ வீட்டு ஒயரிங்கில் சேர்க்காமல், தனி ஒயரில் நேரடியாகச் செட்டின் பிளக் பாயிண்டில் இணைப்பது. இரண்டாவது, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்துவது. அதன் கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் மின்வாரிய மின்சாரம், மறுபக்கம் இருந்தால் செட்டின் மின்சாரம், நடுவில் இருந்தால் இரண்டும் இல்லை. இரண்டும் ஒருபோதும் சேராது. மின்வாரிய அலுவலகத்தில் தெரிவித்து, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே இதைப் பொருத்துங்கள். நியூட்ரலும் சேர்ந்து மாறும் வகையாக இருக்கட்டும். செட்டின் எர்த் இணைப்பையும், மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம் அதில் வேலை செய்கிறதா என்பதையும் அவரையே சோதிக்கச் சொல்லுங்கள்.

மெயினை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அவசரத்தில் மனிதன் மறப்பான். நானும் மறக்கவில்லை; தேவையில்லை என்று நினைத்தேன். சுவிட்ச் அப்படி நினைக்காது.

எங்கே வைப்பது?

மழைக்குப் பயந்து எஞ்சினை மோட்டார் கொட்டகைக்குள்ளோ திண்ணையிலோ வைக்காதீர்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் தூங்கியபடியே இறக்க நேரும். கதவு, சன்னல்களிலிருந்து 20 அடியாவது தள்ளி, திறந்த வெளியில், மேட்டு நிலத்தில் வைத்து, மேலே மட்டும் தகரக் கூரை போடுங்கள். எஞ்சினை நிறுத்தி, ஆறிய பிறகே எரிபொருள் ஊற்ற வேண்டும். ஈரக் கையுடன் பிளக்கைத் தொடாதீர்கள்.

முதலில் எதற்கு?

பெரிய எஞ்சினைச் சிறு மோட்டாருக்காக ஓட்டினால், வேலைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக டீசல் செலவாகும். எனவே வேலைகளைச் சேர்த்துச் செய்யுங்கள். தண்ணீர்த் தொட்டி, மாட்டுத் தொட்டி, கைபேசி, கைவிளக்கு எல்லாம் ஒரே ஓட்டத்தில் நிறையட்டும்.

பயிருக்கு ஓர் எளிய கணக்கு சொல்கிறேன். ஒரு சென்ட் நிலத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 1,000 லிட்டர் வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் 10 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் ஏற்றும். கோடையில் மின்மாற்றி எரிந்து, மாற்றுவதற்கு நாள் ஆகிறது என்று வையுங்கள். ஓர் ஏக்கர் நடவுக்கான 8 சென்ட் நாற்றங்காலை ஒரு மணி நேர ஓட்டத்தில் காப்பாற்றிவிடலாம். அதே மோட்டாரால் ஓர் ஏக்கர் வயல் முழுவதும் நனைக்க 10 மணி நேரம் ஆகும். எனவே நாற்றங்காலும், பூக்கும் தறுவாயில் உள்ள பயிரும், கறவை மாடும் முதலில்; மற்றவை பிறகு.

வாங்கலாமா?

மின்தடைக்காக மட்டும் வெல்டிங் செட் வாங்க வேண்டாம். மின்சாரம் மட்டும் போதுமென்றால் சாதாரண ஜெனரேட்டர் விலை குறைவு. பாசனம் மட்டும் போதுமென்றால் பம்புடன் நேராக இணைந்த டீசல் எஞ்சின் இன்னும் சிக்கனம். ஆனால் ஊரில் ஏற்கெனவே வெல்டிங் செட் இருந்தால், அது ஊருக்கே ஒரு சொத்து. சேஞ்ச் ஓவர் சுவிட்சையும் நீளமான நல்ல கேபிளையும் இப்போதே தயார் செய்து, மாதம் ஒருமுறை மோட்டாரை ஓட்டிப் பார்த்து வையுங்கள். புயல் வந்த பிறகு ஒயர் தேடினால், நான் செய்த தவறைத்தான் நீங்களும் செய்வீர்கள்.

புயலன்று நம் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்பது சரிதான். நமக்காகக் கம்பத்தில் ஏறியவரும் அன்று மாலை தம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டு விடைபெறுகிறேன்.