நெமோ காப்பாற்றிய முத்துக்குளிப்பவன்

ஜூல்ஸ் வெர்னின் வாசகர் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கேப்டன் நெமோவிடம் வந்து நிற்கும். அவன் யார்? எந்த நாட்டான்? எதற்காக மண்ணை வெறுத்து நீருக்குள் புகுந்தான்? 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' 1869-70இல் பாரிஸில் தொடராக வந்தபோது இவற்றுக்கு விடை தரப்படவில்லை. ருஷ்ய ஆட்சியிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு போலந்துக்காரனாகவே வெர்ன் அவனை முதலில் எண்ணியிருந்தார். ருஷ்யாவில் நூல் விற்க வேண்டுமே என்ற கவலை பதிப்பாளர் ஹெட்ஸலுக்கு! ஆகவே நாயகன் நாடற்றவனாக நின்றுவிட்டான். 1875இல் 'மர்மத் தீவு' முடிவுற்றபோதுதான் அவன் பந்தேல்கண்டின் இளவரசன் தக்கார் என்பதும், திப்பு சுல்தானின் உறவினன் என்பதும், 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் போரிட்டவன் என்பதும் வெளியாயின. அன்று முதல் ஒரு சாரார் போலந்து என்பர். மறுசாரார் இந்தியா என்பர். இரு நாவல்களின் ஆண்டுக் கணக்கும் ஒன்றோடொன்று ஒவ்வாததால் வழக்கு இன்னும் தீரவில்லை.

முத்துக்கரை வாசகனுக்கு இந்த வழக்கைவிட நெருக்கமான ஒன்று அந்நாவலில் உண்டு. இரண்டாம் பாகத்தின் மூன்றாம் அத்தியாயம் நடக்கும் இடம் மன்னார் வளைகுடா. கதையில் அது இலங்கைப் பக்கத்துக் கடல்தான். ஆயினும் அங்கே நடந்த முத்துக்குளிப்புக்குத் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் சென்றது வரலாறு. நீருக்கு எல்லைக்கோடு ஏது?

வெர்ன் இக்கரையைக் கண்டவரல்லர். இலங்கையைப் பற்றி சர் என்பவர் எழுதிய நூலைக் கதைக்குள்ளேயே பேராசிரியர் அரோனாக்ஸின் கையில் கொடுத்துவிடுகிறார். நூலறிவோடு புறப்பட்ட பேராசிரியருக்குச் சுறாவை நினைத்தே நடுக்கம். ஒரு சிப்பியில் எத்தனை முத்துகள் இருக்கும் என்று சொல்ல வந்தவர், நூற்றைம்பது சுறாக்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறார்! இந்த இடத்தில் சிரிக்காத வாசகர் இல்லை. இக்கரையில் இருந்தவர்கள் அந்த அச்சத்துக்கு வேறொரு வழி வைத்திருந்தனர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டும் 'கடல்கட்டி' கரையில் அமர்ந்தால்தான் குளிப்பவர் நீரில் இறங்குவர். அரசாங்கமே அவருக்குப் படி அளந்தது.

அடுத்து வருவது தேங்காய் அளவு முத்து. பெருஞ்சிப்பி ஒன்றினுள் நெமோ அதை ஆண்டுக்கணக்கில் வளரவிட்டிருக்கிறான். அத்தனை பெரிய சிப்பி இவ்வளைகுடாவில் இல்லை. அவ்வகைச் சிப்பியின் முத்துக்கு நம் முத்தின் ஒளியும் கிடையாது. அறிவியல் பிழை பிடிப்போர் இத்துடன் புத்தகத்தை மூடிவிடுவது அவசரம். சீனரும் இந்தியரும் செய்வதுபோல, கண்ணாடியோ உலோகமோ ஒரு துணுக்கைச் சிப்பிக்குள் செருகி நெமோவே அம்முத்தை உண்டாக்கியிருக்கலாம் என்று அரோனாக்ஸ் ஐயுறுகிறார். அந்த ஐயத்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1973இல், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் சிப்பிக்குள் கரு வைத்து முத்தை வளர்த்தெடுத்தனர். பார்களில் இயற்கை முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிருந்தது.

இனி அந்த மனிதன். குகையிலிருந்து வெளிவந்தவர்கள் தலைக்கு மேல் ஒரு படகின் அடிப்புறத்தைக் காண்கின்றனர். ஒருவன் காலிடையே கல்லைப் பற்றிக்கொண்டு இறங்குகிறான், சிப்பிகளைப் பறிக்கிறான், மேலேறுகிறான், மீண்டும் இறங்குகிறான். ஒரு முழுக்குக்குப் பத்துச் சிப்பி தேறினால் அதிகம். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறது.

பாரிஸ் வாசகர் இதைக் கடந்து போய்விடலாம். இக்கரை வாசகனின் கண் அந்தக் கயிற்றிலேயே நிற்கும். கயிறு பிடிக்க ஆள் எங்கே? குளிப்பவனின் மூச்சு மேலே இருப்பவனின் கையில் அல்லவா இருக்கிறது? மச்சானைத் தவிர வேறெவரிடமும் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள் என்பது இப்பகுதியில் வழங்கும் பேச்சு. தங்கையின் தாலி மச்சானுக்கு நினைவிருக்குமாம். இவனோ தனியாக வந்திருக்கிறான். மாதமும் ஜனவரி. முந்நூறு படகுகள் கூடும் மார்ச்சுக்கு இன்னும் நாளிருக்கிறது. அறுவடைக்கு முன் கதிர் பொறுக்க வந்த ஏழை என்று வெர்ன் பரிவோடு கடந்து போகிறார். ஆனால் பார் அரசாங்கத்தின் சொத்து; அதற்குக் காவல் படகுகள் உண்டு. அனுமதித்த நாளில் குளித்தாலும் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே குளித்தவனுக்கு. அனுமதியற்ற நாளில் தனியே இறங்கியவனைச் சட்டம் ஏழை என்று அழைக்காது. திருடன் என்றே அழைக்கும்.

சுறா வருகிறது. நெமோ குத்துவாளுடன் அதன்மீது பாய்கிறான். நெட் லாண்டின் ஈட்டி அதை முடிக்கிறது. நினைவு திரும்பியவன் கண் விழித்துப் பார்க்கையில் நான்கு செப்புத் தலைகள் அவன்மேல் குனிந்திருக்கின்றன. நெமோ ஒரு பை நிறைய முத்துகளை அவன் நடுங்கும் கையில் வைக்கிறான். பின்னர் அரோனாக்ஸிடம், அந்த மனிதன் ஒடுக்கப்பட்டோர் நாட்டைச் சேர்ந்தவன் என்றும், தானும் உயிருள்ளவரை அந்நாட்டினனே என்றும் கூறுகிறான். நெமோ இந்தியன் என வாதிடுவோர் இந்த இடத்தையே சான்றாகக் காட்டுவர். போலந்து வாதத்தினரும் இதே இடத்தைக் காட்டலாம். ஒடுக்கப்பட்டோர் நாடு ஒன்றா இரண்டா?

நாடு எதுவாயினும், நெமோவுக்குத் திரும்ப வேண்டிய கரை என்று ஒன்றில்லை. எந்தச் சட்டமும் எட்டாத ஆழத்தில் நாட்டிலஸ் அவனுக்காகக் காத்திருக்கிறது. முத்துக்குளிப்பவனோ கரைக்குத்தான் போயாக வேண்டும். நாவல் அவனுக்குப் பெயர் தரவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் பிறக்கவில்லை. வெர்ன் அவனைப் படகிலேயே விட்டுவிட்டு அடுத்த கடலுக்குச் சென்றுவிடுகிறார். பருவத்துக்கு முந்தி, பை நிறைய முத்துடன் வருபவனை எதிர்கொள்ளும் கரையை அவர் எழுதவில்லை. துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து முத்தின் தரம் காணும் வணிகர் முதலில் கேட்பது, "இது எந்தப் பாரில் எடுத்தது?" என்பதாகத்தானே இருக்கும்? செப்புத் தலையர் நால்வர் கடலுக்கடியிலிருந்து வந்து கொடுத்தார்கள் என்று அவன் யாரிடம் சொல்வான்?