வகுப்பறைக்கு வந்துள்ள புதிய சாதனங்கள்: தங்கவயல் ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள்

(கோலார் தங்கவயலில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



1902 ஆம் ஆண்டு ஜூன் மாதம், காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து நமது தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து இம்மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் ஆசியாவிலேயே இது ஒரு பெருஞ்சாதனையாகக் கருதப்பட்டது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது இதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905 இல்தான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்தின் இயந்திரங்களுக்காக என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஒரு புதிய சாதனம் ஓர் ஊருக்கு வந்து சேர்வது ஒரு செய்தி. அது அவ்வூர்க் குழந்தைக்குப் பயன்படுவது வேறொரு செய்தி. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடக்க வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியரையே சேர்கிறது.

இன்று கணினியும் கைப்பேசியும் இணையமும் நம் பள்ளிகளின் வாயிலுக்கு வந்துவிட்டன. இவற்றை எவ்வாறு பயன்படுத்துவது, எங்கே எச்சரிக்கையாக இருப்பது, எதை விலக்குவது என்பன குறித்து அனுபவத்தில் கண்ட சிலவற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முன்னோடி முயற்சிகள்

கல்விக்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம் நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. கர்நாடகத்தின் வடபகுதி மாவட்டங்களும் அவற்றுள் அடங்கும். 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2017 ஆம் ஆண்டில் ஸ்வயம், தீக்ஷா ஆகிய தளங்கள் தொடங்கப்பெற்றன. 2020 மே மாதத்தில் பி.எம். இ-வித்யா திட்டம் அறிவிக்கப்பட்டு, வகுப்புக்கு ஒன்றாகக் கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைகள் வந்தன.

இம்முயற்சிகள் அனைத்திலும் ஒரு பாடம் பொதுவாக உள்ளது. பெட்டியை வைத்துவிட்டால் மட்டும் கல்வி நடந்துவிடாது. பெட்டிக்கு முன்னால் ஒரு ஆசிரியர் நின்று, நிகழ்ச்சிக்கு முன் ஒரு கேள்வியும் பின் ஒரு கேள்வியும் கேட்டால்தான் கல்வி நிகழ்கிறது.

நான் செய்த ஒரு பிழை

2020 ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசி வழியே நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அடுத்த ஆண்டு, பெற்றோர் மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய பின்னரும், நான் காலை பத்து மணிக்குப் பாடத்தை அனுப்பி, மாலை ஐந்து மணிக்குள் விடை அனுப்பும்படி மாணவர்களைக் கேட்டு வந்தேன். வகுப்பில் பாதிப்பேரிடமிருந்து விடை வரவில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று கருதி, பதிவேட்டில் அவ்வாறே குறித்தும் வைத்தேன்.

பள்ளி திறந்த பிறகு ஒரு மாணவி சொன்னாள்: "சார், போன் அப்பாவோட காலையிலேயே ரயில் ஏறிப் போயிடும். ராத்திரிதான் வீட்டுக்கு வரும்."

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின், நம் ஊரின் ஆயிரக்கணக்கான மக்கள் நாள்தோறும் விடியுமுன்னே எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். இதை நான் அறியாதவன் அல்லன். நாள்தோறும் கண்ணால் காண்பவன். ஆயினும் வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி இருந்தால் அதுவும் அந்த ரயிலில்தான் போகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பதிவேட்டில் நான் எழுதிய சொல்லை அடித்துத் திருத்தினேன். குறை குழந்தையிடம் இல்லை. என் திட்டமிடுதலில் இருந்தது.

எனவே என் முதல் யோசனை இது. எந்தச் சாதனத்தையும் கையாளுமுன் ஒரு தாளில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் வீட்டில் எத்தனை கைப்பேசிகள் உள்ளன? அவை எந்த நேரத்தில் வீட்டில் இருக்கும்? மூத்த மகன், மகள் என்று வேறு யாருக்கு அதில் முன்னுரிமை? இந்தத் தாளைப் பார்த்த பிறகு, கைப்பேசியை நம்பி வீட்டுப்பாடம் கொடுக்கும் வழக்கத்தை நீங்களே குறைத்துக்கொள்வீர்கள். இணையத்தை ஆசிரியர் பயன்படுத்தட்டும். அதன் பயன் வகுப்பறையில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கட்டும். வீட்டுக்குச் செல்வது தாளாக இருக்கட்டும்.

இணையம் இல்லாமல் இணையத்தின் பயன்

இணைய இணைப்பு பாடவேளையில் சரியாக அமையும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் நாளே தரவிறக்கம் செய்து வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது.

தீக்ஷா செயலியில் பாடநூலில் அச்சிடப்பட்டுள்ள கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால் அப்பாடத்துக்குரிய காணொளிகளும் பயிற்சிகளும் கிடைக்கும். அவற்றைச் சேமித்துப் பின்னர் இணைப்பின்றியும் காணலாம். கிவிக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு விக்கிப்பீடியாவை ஒரு கணினியில் இறக்கி வைத்துவிட்டால் இணைப்பே இல்லாத பள்ளியிலும் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கும். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவையும் இவ்வாறு வைத்துக்கொள்ளலாம்.

அறிவியலுக்கும் கணிதத்துக்கும் இரண்டு கருவிகளைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஃபெட்' திட்டம், திரையில் செய்து பார்க்கக்கூடிய செய்முறைகளை இலவசமாக அளிக்கிறது. அவற்றுள் சில தமிழிலும் கிடைக்கின்றன, தரவிறக்கியும் வைத்துக்கொள்ளலாம். வடிவியலுக்கு 'ஜியோஜீப்ரா' உள்ளது. முக்கோணத்தின் ஒரு முனையை இழுத்தால் கோணங்கள் மாறுவதையும், அவற்றின் கூட்டுத்தொகை மாறாமல் 180 பாகையாகவே நிற்பதையும் மாணவர் கண்ணால் காண்பர்.

இவை எதுவும் கைச்செய்முறைக்கு மாற்றாகா. மின்கலமும் சிறு விளக்கும் கையில் இருக்கும்போது திரையில் விளக்கு எரியக் காட்டுவது வீண். முதலில் கையால் செய்க. கையால் செய்ய இயலாததையும் செய்யக் கூடாததையும் திரையில் காட்டுக.

நம் ஊரே பாடநூல்

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தை ஏன் உயர் மின்னழுத்தத்தில் அனுப்பினார்கள்? பத்தாம் வகுப்பில் நாம் கற்பிக்கும் மின்திறன் பாடமே இதற்கு விடை. அதே திறனைப் பத்து மடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதே கம்பியில் வெப்பமாக வீணாவது நூற்றில் ஒரு பங்காகக் குறையும். இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, இணைய வரைபடத்தில் சிவசமுத்திரத்துக்கும் தங்கவயலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். நேர்க்கோட்டுத் தூரம் கம்பியின் நீளத்தைவிடக் குறைவாக இருக்கும். ஏன் என்று கேட்டால் ஒரு பாடவேளை முழுவதும் விவாதம் நடக்கும்.

இன்னொன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் சென்றது. குதுப் மினாரின் உயரம் சுமார் 73 மீட்டர். அதுபோல் எத்தனை கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே நிறுத்தலாம்? ஏறத்தாழ 44. ஐந்தாம் வகுப்புக் குழந்தை போடக்கூடிய வகுத்தல் கணக்கு இது.

மேலும், இந்தச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து, 1965 ஆம் ஆண்டில் வளிமண்டல நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டனர். அது உலகின் முதல் பதிவுகளுள் ஒன்று. தம் தாத்தா இறங்கிய அதே குழியில் உலக விஞ்ஞானம் நடந்தது என்பதை நம் பிள்ளைகள் எத்தனைபேர் அறிவர்?

மொழியும் எழுத்தும்

நம் வகுப்பறையில் மூன்று மொழிகள் நடமாடுகின்றன. வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், நூலில் பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் பாடம் நடத்துவோருக்கு நல்ல துணைக்கருவி கிடைப்பது அரிதாகவே இருந்து வந்தது. சுரங்கம் மூடிய அதே 2001 ஆம் ஆண்டில்தான் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அந்நிறுவனத்தின் மின்நூலகத்தில் அகராதிகளும் இலக்கியங்களும் அரிய நூல்களும் உள்ளன. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ்நாட்டின் பாடநூல்களையும் இணையத்தில் பெறலாம். ஆனால் அம்மாநிலப் பாடத்திட்டம் வேறு, நம்முடையது வேறு. ஆகவே பாட எண்ணைக் கொண்டு தேடாமல், 'ஒளிவிலகல்', 'பின்னம்' என்று கருத்தைக் கொண்டு தேடுக. கருத்துக்கு மாநில எல்லை கிடையாது.

நம்மில் பலர் பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள்களை வைத்திருக்கிறோம். வேறு கணினியில் திறந்தால் அவை புரியாத குறிகளாகத் தெரிகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் உள்ளன, இப்போதே மாற்றிவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகையை நாளுக்கு அரைமணி வீதம் சில வாரங்கள் பழகினால் கைவந்துவிடும். இது சிறு முயற்சி. பயனோ பணிக்காலம் முழுவதும் நீடிக்கும்.

எச்சரிக்கைகள்

காணொளியை முழுமையாக ஓடவிடாதீர்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, 'அடுத்து என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். நாற்பது பேருக்கு ஒரு சிறு கைப்பேசியைக் காட்டாதீர்கள். பெரிய திரை இல்லையெனில் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு திரையைக் காணும்போது மற்றவை எழுதவும் செய்யவும் வழிசெய்க.

கேட்ட கேள்விக்கு உடனே விடையளிக்கும் செயற்கை அறிவுக் கருவிகள் இப்போது வந்துள்ளன. வினாத்தாள் தயாரிப்பில் அவை உதவுகின்றன. ஆயினும் தவறான விடையையும் தயக்கமின்றிக் கூறுகின்றன. ஒவ்வொரு விடையையும் நூலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வகுப்புக்குக் கொண்டு செல்லலாகாது.

குழந்தைகளின் படங்களையும் மதிப்பெண்களையும் குழுச் செய்திகளில் வெளியிடும் வழக்கம் பரவியுள்ளது. 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, குறைந்த மதிப்பெண் பெற்ற குழந்தையின் மானமும் நம் பொறுப்பே அல்லவா?

பெறுவதோடு தருவதும்

இறுதியாக ஒன்று. இணையத்திலிருந்து எடுப்பவர்களாக மட்டும் நாம் இருக்க வேண்டியதில்லை. சுரங்கம் மூடியபோது ஐம்பது வயதாக இருந்த தொழிலாளி இன்று எழுபத்தைந்தை நெருங்கியோ கடந்தோ இருப்பார். கேஜில் இறங்கிய அனுபவம், பாறை வெடிப்பின் அதிர்ச்சி, நுரையீரலில் தூசு தங்கி மாண்ட தோழர்கள், லைன் வீடுகளின் வாழ்க்கை ஆகியவை அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த கணக்கு ஏட்டில் இருக்கிறது. எடுத்தவர்களின் சொல் ஏட்டில் போதுமான அளவு ஏறவில்லை.

ஒவ்வொரு வகுப்பும் ஆண்டுக்குப் பத்து முதியோரின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அவர்களின் ஒப்புதலைப் பெற்று, பெயர், ஆண்டு, வேலை செய்த சுரங்கம் ஆகியவற்றைக் குறித்து, தமிழில் தட்டச்சு செய்து பள்ளியில் சேமிக்கட்டும். வினா அமைத்தல், கேட்டல், எழுதுதல், திருத்துதல் என மொழிப்பாடத்தின் எல்லாத் திறன்களும் இதில் அடங்கும். அத்துடன் நாளைய ஆசிரியருக்கு நம் ஊரைப் பற்றிய ஒரு தமிழ் மூலமும் கிடைக்கும்.

இதற்குக் கைப்பேசி ஒன்று போதும். அது ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வீட்டில் இருக்கும். ரயிலேறிச் செல்லும் தந்தையும் அன்று வீட்டில் இருப்பார். தம் தந்தையின் சொல்லைத் தம் பிள்ளை பதிவு செய்வதை அவர் அருகிலிருந்து காணட்டும். அந்த வீட்டுப்பாடத்தை எந்தக் குழந்தையும் செய்யாமல் வரமாட்டாது என்பது என் நம்பிக்கை.