கடலைப் பார்த்து நின்ற காங்கிரீட்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சிவில் படிச்சவனை மேடையேத்தினா காங்கிரீட்டைத் தவிர வேறென்ன பேசுவான்? சிங்கப்பூரில் நான் பார்த்த ஒரு காங்கிரீட்டைப் பற்றியே சொல்கிறேன்.

பாசிர் பாஞ்சாங் சாலையோரம் ஒரு சின்னக் கட்டடம். நம்ம ஊர் பம்ப்செட் ரூம் மாதிரி இருக்கும். தடித்த சுவர்; ஜன்னலுக்குப் பதில் இயந்திரத் துப்பாக்கியை நீட்டக் குறுகிய துவாரங்கள். பெயர் ‘பில்பாக்ஸ்’, அதாவது மாத்திரை டப்பா. எதிரி கடல்வழியே வந்தால் சுடுவதற்காகத் தீவின் தெற்குக் கரையில் வெள்ளைக்காரர்கள் இப்படிப் பல கட்டினார்கள்.

ஆனா ஜப்பான்காரன் அந்தப் பக்கம் வரலை. மலாயா வழியாகத் தரைமார்க்கமாக வந்து, 1942 பிப்ரவரி 8 இரவு ஜொகூர் நீரிணையைத் தாண்டி வடமேற்கில் கரையேறினான். 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

யாருக்கும் தெரியாம நடந்ததா? இல்லை. மலாயா வழியாக ஆபத்து வரலாம் என்று 1937-லேயே ஆய்ந்து எழுதிய அதிகாரி பெர்சிவல். 1942-ல் தளபதியாக இருந்து சரணடைந்தவரும் அதே பெர்சிவல்தான்! வடகரையில் அரண் கட்டுவோம் என்று 1941 டிசம்பரில் தலைமைப் பொறியாளர் சிம்சன் மன்றாடினார். அரண் கட்டினால் படையும் மக்களும் மனம் தளர்வார்கள் என்று தளபதி மறுத்ததாகச் சிம்சனே பின்னாளில் எழுதினார்.

கட்டியிருந்தா தீவு தப்பியிருக்கும்னு நான் சொல்லலை. விமானம் போதவில்லை, கப்பல் போதவில்லை. ஆனால் தெரிந்த உண்மையைப் பேசவே தயங்கினார்களே, அதுதான் உறுத்துகிறது.

விலை கொடுத்தவர்கள் அந்த ஆலோசனை அறையில் நாற்காலி இல்லாதவர்கள். ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் கைதிகளானார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய நம் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள்.

தம்பிகளே, தங்கைகளே! நாளைக்கு நீங்களும் பெரிய நாற்காலியில் உட்காருவீங்க. கீழே இருக்கிற ஒரு ஜூனியர், “சார், ஆபத்து அந்தப் பக்கம் இருக்கு” என்பான். மத்தவங்க மனசு தளர்ந்துடும்னு அவன் வாயை அடைச்சிடாதீங்க. பாசிர் பாஞ்சாங் காங்கிரீட்டில் குறையில்லை, இன்னும் நிற்கிறது. அது பார்த்து நின்ற திசைதான் தப்பு.