பால் வெட்டும் கத்தி தரும் போதனை

(மே தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மே முதல் நாள் உலகத் தொழிலாளரின் திருநாள். 1955ஆம் ஆண்டில் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அந்நாளையே தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாகவும் அறிவித்தார். இயேசு பெருமானை வளர்த்த சூசையப்பர் ஒரு தச்சர். அவர் கையில் உளி இருந்தது. நம் கையில் பால் வெட்டும் கத்தி இருக்கிறது. அக்கத்தி போதிப்பதை இன்று சற்றே சிந்திப்போம். பிற மதத் தோழர்களுக்கும் இது பொருந்தும்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரைக்குப் போய், கோட்டுப்பாலை இழுத்துவிட்டு, இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகப் பட்டையைச் சீவுகிறோம். பால் குழாய்கள் உட்பட்டையில்தான் மிகுதி. அதற்கும் உள்ளே, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில், மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. புதுப்பட்டை பிறப்பது அதிலிருந்துதான். கத்தி மேலாகப் போனால் பால் குறையும். அந்தப் படலத்தைத் தொட்டால் மரம் காயப்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆகவே படலத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் முன்னே நம் கை நின்றுவிடுகிறது.

பிரேசில் காடுகளில் ஒரு காலத்தில் சிறு கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரங்கள் கெட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டப் பொறுப்பேற்ற ரிட்லி துரை, பட்டையை மெல்லச் சீவி அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையை வகுத்தார். அதனால் மரம் ஆண்டுக்கணக்காகப் பால் தந்தது.

பாலை எடு, உயிரைத் தொடாதே. இதுவே கத்தியின் கட்டளை. வேதாகமமும் இதையே சொல்கிறது. பட்டணத்தை முற்றுகையிடும் சேனைகூடக் கனி தரும் மரங்களை வெட்டலாகாது என்பது உபாகமம் 20ஆம் அதிகாரத்தின் விதி. ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்பது 24ஆம் அதிகாரத்தின் விதி. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடும், அது ஆண்டவரின் செவியை எட்டும் என்று எச்சரிக்கிறது யாக்கோபு நிருபம்.

தோழர்களே, தொழிலாளிக்கும் ஓர் உயிர்ப்படலம் உண்டு. உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, மானம் ஆகியவையே அது. மரத்தில் காயம் பட்டால் கங்காணி குறித்துக்கொள்கிறார். தொழிலாளியின் குடும்பத்தில் பட்ட காயத்தைக் குறிப்பவர் யார்? அதற்குத்தான் சங்கம்! சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளம் தரவேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். எட்டாம் நாளும் வரவில்லையென்றால் கத்தி உயிரைத் தொட்டுவிட்டது என்றே பொருள். அதைச் சங்கத்திடம் அஞ்சாமல் சொல்வது வேதத்துக்கு உகந்த செயல்.

கிராணிமார்களே, உங்கள் பேனாவும் ஒரு கத்திதான். கள்ளத்தராசை ஆண்டவர் அருவருக்கிறார் என்கிறது நீதிமொழிகள். பால் கொட்டகையில் நிறுவையைக் குறைத்து எழுதும் ஒரு கோடு, ஒரு குடும்பத்தின் அரிசியை வெட்டிவிடும்.

நம் வீடுகளையும் பார்ப்போம். சம்பளத்தன்று கள்ளுக்கும் சாராயத்துக்கும் போகும் பணம் யாரை வெட்டுகிறது? மனைவியை, மக்களை! மரத்தில் நிற்கத் தெரிந்த கை இங்கேயும் நிற்க வேண்டாமா?

அடுத்த முறை கத்தியைத் தீட்டும்போது ஆண்டவரிடம் இரண்டு வரங்கள் கேட்போம். எங்கள் கைக்கு அளவைத் தாரும். அளவு மீறும் கையைத் தடுக்கத் துணிவைத் தாரும்.