ஆலோசனைக்குப் போகும் முன்…



2001 ஆகஸ்ட் 6-ல் நம்ம ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டியிருந்ததால் தப்ப முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவது குற்றம்.

கடலுக்குப் போனவர் சிறைபிடிபட்டால் தூக்கம் எப்படி வரும்? அதற்காக ஆலோசனைக்குப் போனால் பைத்தியம்னு அர்த்தமில்லை.

போகும் முன் தெரிந்துகொள்வோம்:

நாம் சொல்வதை அவர்கள் ரகசியமாக வைக்க வேண்டும்; உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விதிவிலக்கு.

ஒரே நாளில் தீராது. பல தடவை போகணும்.

மாத்திரை தந்தால் எதற்கு, எத்தனை நாள் என்று கேட்போம். நாமாக நிறுத்தக்கூடாது.

தர்காவுக்கும் கோயிலுக்கும் போகலாம், சிகிச்சையை விடாமல்.

14416-க்குப் போன் பண்ணினால் இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

குழுவில் ஒருத்தி கூட்டத்துக்கு வராவிட்டால் சேமிப்புப் பணத்தை மட்டும் கேட்காமல், அவள் மனசையும் கேட்போம்.