ஐயம் சான்றின் மீது, ஆளின் மீதன்று



அமெரிக்க ஐக்கிய நாடுகளில், உழைப்போர் ஊதியத்திலிருந்து செலுத்தும் வரியைக் கொண்டே, நோயாலோ விபத்தாலோ வேலைசெய்ய இயலாமற் போனவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கும் காப்பீட்டுத் திட்டம் 1956-இல் சட்டமாயிற்று. போதிய பணிக்காலம் இல்லாத வறியோருக்கும் உதவும் துணை வருவாய்த் திட்டம் 1974-இல் நடைமுறைக்கு வந்தது. வயது வந்தோரைப் பொறுத்தவரை, இரண்டிலும் இயலாமை என்பது, குறைந்தது 12 மாதங்கள் நீடிக்கக்கூடிய அல்லது மரணத்தில் முடியக்கூடிய குறைபாட்டினால், கணிசமான ஊதியம் தரும் எந்த வேலையையும் செய்ய முடியாத நிலையையே குறிக்கும். பகுதி இயலாமைக்கு இத்திட்டங்களில் உதவியில்லை.

விண்ணப்பமும் மறுபரிசீலனையும் தோற்றபின், 60 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்பவர் நிர்வாகச் சட்ட நீதிபதியின்முன் வருகிறார். இந்நீதிபதி, இத்திட்டங்களை நடத்தும் சமூகப் பாதுகாப்புத் துறைக்குள்ளேயே பணியாற்றினாலும், தனிப்பட்ட வழக்கின் முடிவில் துறையின் கட்டளைக்கு ஆட்படாதவர். அவ்விசாரணையில் துறையின் சார்பில் எதிர்வாதம் செய்யும் வழக்கறிஞர் பொதுவாக இருப்பதில்லை. ஆதலால் இருதரப்புச் சான்றுகளையும் திரட்டும் பொறுப்பும் தீர்ப்புரைக்கும் பொறுப்பும் ஒருவரிடமே சேர்கின்றன. இம்முறையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1971-இல் ஏற்றுக்கொண்டது. எனினும், தம்மைக் குடைந்து கேட்பவரே தீர்ப்பையும் எழுதுவதைக் காணும் மனுதாரருக்கு, அவர் எதிர்த்தரப்பாகவே தோன்றுவது இயல்பு.

மனுதாரர் தற்போது வேலைசெய்கிறாரா, குறைபாடு கடுமையானதா, அது மருத்துவப் பட்டியலின் அளவுகோலை எட்டுகிறதா, பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா, வேறு வேலையேனும் செய்ய முடியுமா என்னும் ஐந்து படிகளில் வழக்கு ஆராயப்படுகிறது. மனக்குறை மிகுவது ஐந்தாம் படியில்தான். மனுதாரரிடம் எஞ்சியுள்ள வேலைத்திறனுக்கு ஏற்ற பணிகள் நாட்டில் எத்தனை உள்ளன என்று தொழில் வல்லுநர் சாட்சியமளிக்கிறார். அவர் சார்ந்திருக்கும் அரசுத் தொழில் அகராதி கடைசியாகத் திருத்தப்பட்டது 1991-இல். அருகி மறைந்துபோன வேலையின் பெயரால் உதவி மறுக்கப்படும்போது, தம் வாழ்வை எவரும் பார்க்கவில்லை என்று மனுதாரர் கருதுவதில் நியாயம் உண்டு. அவ்வகராதியிலுள்ள 114 தொழில்களைக் காட்டி உதவியை மறுக்கும் வழக்கத்தைத் துறை 2024-இல்தான் கைவிட்டது.

வலியையும் களைப்பையும் கருவி கொண்டு முழுமையாக அளக்க முடியாது என்பதே நீதிபதியின் உண்மையான இடர்ப்பாடு. மனுதாரரின் சொல்லை மட்டும் நம்பித் தொகை வழங்கச் சட்டம் இடந்தரவில்லை. நோயின் அறிகுறிகளுக்குக் காரணமான குறைபாடு மருத்துவச் சான்றால் நிறுவப்பட வேண்டும். ஆனால் 2016-இல் வெளியான துறை விளக்கம், மனுதாரரின் பொதுவான குணத்தையும் நாணயத்தையும் எடைபோடாமல், அவர் கூறும் துன்பம் ஏனைய சான்றுகளோடு எந்த அளவு பொருந்துகிறது என்பதையே ஆராயுமாறு பணித்தது. மறுப்புக்கு உள்ளானவர் நலிவுற்றவர் மட்டுமல்லர், பொய்யர் என்ற பழியையும் சுமப்பவர் என்பதை உணர்ந்த நெறி இது.

ஆகவே, எந்தச் சான்று ஏன் ஏற்கப்பட்டது, எது ஏன் தள்ளப்பட்டது என்பதை மனுதாரர் படித்துப் புரிந்துகொள்ளுமாறு எழுதுவதும், அவர் சொல்லி முடிக்கும்வரை செவிகொடுப்பதும் நீதிபதி காட்டும் சலுகைகள் அல்ல. உழைத்துப் பங்களித்த குடிமக்களுக்கும் வறுமையில் உழலும் குடிமக்களுக்கும் அரசு பட்டிருக்கும் கடன். அக்கடனைத் தீர்க்கும் தீர்ப்பே, உதவியை மறுக்க நேர்ந்தாலும், நீதி எனப்படும் தகுதியைப் பெறும்.