நெஞ்சுவலியும் நோன்பும்



இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புப் படிவு வெடித்து, அவ்விடத்தில் குருதி உறைந்து வழியை அடைப்பதாலேயே பெரும்பாலும் மாரடைப்பு நேர்கிறது. வழி முற்றிலும் அடைபட்டால் அரைமணி நேரத்திற்குள்ளாகவே தசை இறக்கத் தொடங்கும். இறந்த தசை மீண்டும் உயிர் பெறுவதில்லை, தழும்பாகவே நின்றுவிடும்.

அடைப்பை நீக்கிக் குருதியோட்டத்தை மீட்க இருவழிகள் உள்ளன. ஒன்று, உறைகட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிபிளேஸ் போன்ற மருந்தைச் செலுத்துதல். மற்றொன்று ஆஞ்சியோபிளாஸ்டி: கை அல்லது தொடைத் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் பொருத்துதல். பலூன் முறையை இதயத் தமனியில் 1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் முதன்முதல் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக். மாரடைப்பில் இதுவே மேலான வழி. எனினும் 120 நிமிடங்களுக்குள் இது கிட்டாத இடத்தில், தகுதியுடையோர்க்குக் கரைப்பு மருந்தை உடனே தந்து, பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை. வந்தவாசி, செஞ்சிப் பகுதிச் சிற்றூர்களில் வாழ்வோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, முதல் வேளை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தரப்படுகின்றன.

சாவகர் இல்லங்களில் காலம் வீணாவதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. தசலட்சண நாளில் நோன்பிருக்கும் முதியவருக்கு நெஞ்சு இறுகி வியர்த்தால், அது பட்டினிக் களைப்பு என்றோ வாயு என்றோ கருதப்படுகிறது. நீரிழிவு உடையோர்க்கு வலியே இன்றி மூச்சுத்திணறல் மட்டும் தோன்றலாம். இரவாயின், மாத்திரையும் நீரும் விடியட்டும் என்று ஒத்திவைக்கப்படுகின்றன. அவ்விரவிலேயே தசை மடிந்துவிடுகிறது.

இராவுண்ணாமை இல்லறத்தார்க்கு உரிய உயர்ந்த ஒழுக்கம். அதன் வேர் உயிர்க்கருணை. அக்கருணைக்கு நோயுற்றவரின் உயிரும் உரியதே. சல்லேகனையைக் கூறுமிடத்துச் சமந்தபத்திரரும், பரிகாரம் இல்லாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் என்றே வரையறுத்தார். காலத்தில் மருத்துவம் பெற்றால் மீளக்கூடிய மாரடைப்பு அவ்வரையறையில் அடங்காது. நோன்பு முறிந்தால் கழுவாய் உண்டு. இறந்த தசைக்குக் கழுவாய் இல்லை.

ஆதலின் நோன்பு ஏற்கும்போதே, நெஞ்சுவலி வரின் எந்நேரமாயினும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுமாறு வீட்டாரிடம் சொல்லிவைத்தல் நன்று. வலி கண்டவுடன் 108ஐ அழைத்தல் வேண்டும். நோயாளி தாமே வண்டி ஓட்டிச் செல்லலாகாது. ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர், மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளை மாத்திரையையும் நோன்பின்பொருட்டு விடலாகாது. விட்டால் ஸ்டென்டிலேயே குருதி உறைந்து வழி மீண்டும் அடைபடக்கூடும். மருந்து தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றும் மரபில், அம்மருந்தை உரிய நேரத்தில் ஏற்பதும் அறமே.